செட்டிநாட்டுப் பின்கட்டுச் செடிகள்: எப்போது கிள்ளுவது, எங்கே வெட்டுவது

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் வீட்டின் பின்பக்கம், கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலை நிற்கும். கொஞ்சம் தள்ளி முருங்கை, தொட்டியில் துளசி, வேலியில் பிரண்டை, தண்ணீர் கசியும் இடத்தில் புதினா. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்தக் கறிவேப்பிலை கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும். துளசி கதிர் விட்டுக் காய்ந்திருக்கும். புதினா நூலாக நீண்டு தரையில் படுத்திருக்கும். உடனே நாம் தண்ணீரைக் கூட்டுகிறோம், உரம் வாங்கிப் போடுகிறோம். பல நேரம் குறை அதில் இல்லை, நாம் பறிக்கிற விதத்தில் இருக்கிறது.

கவாத்து, அதாவது செடியின் கிளைகளை வெட்டிவிடுவது, வருடத்துக்கு ஒரு நாள் அரிவாளோடு போய்ச் செய்கிற வேலை என்று நினைப்பவர்கள் அதிகம். காலையில் தாளிக்க நாலு இலை பறிக்கிறோமே, அதுவும் கவாத்துதான். பெரிய வெட்டு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். கிள்ளுவது தினமும் நடக்கிறது. அந்தத் தினசரி வேலையை எந்த இடத்தில், எந்த அளவில் செய்கிறோம் என்பதுதான் செடி புதராகுமா, குச்சியாகுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் வெட்டுவதைவிடக் கிள்ளுவதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் கணுவைப் பார்க்கப் பழகுங்கள்

ஒரு துளசிக் கிளையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலை தண்டோடு சேரும் இடம் கொஞ்சம் தடித்திருக்கும். அதுதான் கணு. அந்த மூலையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சின்ன மொட்டு இருக்கும். செடியின் நுனி வளர்ந்துகொண்டிருக்கும் வரை, அங்கிருந்து ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் கீழே இறங்கி இந்தப் பக்க மொட்டுகளைத் தூங்க வைக்கிறது. நுனியைக் கிள்ளி எடுத்தால் அந்தத் தடை போய்விடும். துளசி, புதினா போல இலைகள் எதிரெதிராக வரும் செடியில் ஒரு நுனி போன இடத்தில் இரண்டு கிளை கிளம்பும். அந்த இரண்டையும் பிறகு கிள்ளினால் நான்கு. புதர் உருவாவது இப்படித்தான்.

இதிலிருந்து மூன்று பழக்கங்கள் வர வேண்டும்.

ஒன்று, மேலிருந்து பறிப்பது. அடியில் இருக்கும் பெரிய, முற்றின இலைதான் கைக்கு வசதி என்று அதையே உருவி எடுக்கிறோம். அந்த இலைகள்தான் செடிக்குச் சோறு சமைக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு நுனியை விட்டால், கீழே மொட்டையாக, மேலே குடுமியோடு செடி நீளும். நுனித் தளிரோடு இரண்டு மூன்று கணு சேர்த்துக் கிள்ளி எடுங்கள்; அடி இலைகள் இருக்கட்டும்.

இரண்டு, கணுவுக்குச் சற்று மேலே வெட்டுவது. கால் அங்குலம் இடைவெளி போதும். நடுத்தண்டில் வெட்டினால் அடுத்த கணு வரை இருக்கும் குச்சி காய்ந்து கருக்கும். மழைக்காலத்தில் அந்தக் கருக்கல் கீழே இறங்கும். கணுவை ஒட்டியே வெட்டினால் மொட்டு சேதமாகும்.

மூன்று, ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது. விருந்தாளி வந்துவிட்டார்கள், ஒரு கட்டு கொத்தமல்லி வேண்டும் என்றால்கூட ஒரே தொட்டியை மொட்டையடிக்காமல், இரண்டு மூன்று தொட்டி வைத்து மாற்றி மாற்றி எடுப்பது நல்லது. அடியிலிருந்தே துளிர்க்கும் செடிகள் இதற்கு விதிவிலக்கு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

கருவி

இளம் தண்டுக்கு நகமே போதும். கொஞ்சம் முற்றினதற்கு வீட்டுக் கத்தரிக்கோல். கறிவேப்பிலைக் கிளை, தூதுவளை, முருங்கைக் கொம்புக்குக் கவாத்துக் கத்தரி ஒன்று வாங்கி வையுங்கள். பெருவிரலைவிடத் தடித்த கிளைக்குக் கைரம்பம். அரிவாளால் ஓங்கி வெட்டினால் பட்டை கிழிந்து வரும். எலுமிச்சைப்புல்லுக்கு மட்டும்தான் நான் அரிவாளைச் சிபாரிசு செய்வேன்.

முனை கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கின கத்தி தண்டை நசுக்கும், நசுங்கின இடத்தில் பூஞ்சை நுழையும். நோய் பட்ட செடியை வெட்டிய பிறகு, அடுத்த செடிக்குப் போகும் முன் மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

நம் ஊர் மாதக் கணக்கு

கவாத்து பற்றிப் படிக்கும்போது பனிக்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும்போது வெட்டுங்கள் என்று வரும். அது குளிர் நாட்டுக் கணக்கு. நம் பக்கம் செம்மண்ணும் செம்புறைக்கல்லும் கலந்த வானம் பார்த்த பூமி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரி வேளாண்மைக்கென்று ஒரு ஆராய்ச்சி நிலையத்தைச் செட்டிநாட்டில் வைத்திருப்பதே இந்த நிலத்தின் குணத்தைச் சொல்லும். ஆகவே வெயிலையும் மழையையும் பார்த்துத்தான் இங்கே கத்தரியை எடுக்க வேண்டும்.

பெரிய கவாத்துக்கு என் முதல் தேர்வு ஆவணி, அதாவது ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. ஆடிக் காற்று அடங்கியிருக்கும், மாலையில் அவ்வப்போது இடியோடு மழை விழும். இப்போது வெட்டினால் புரட்டாசிக்குள் தளிர் வந்து, ஐப்பசி மழையை அது உறிஞ்சி வளரும்.

இரண்டாவது தேர்வு தை கடைசி, மாசி தொடக்கம். மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் மிச்சம் இருக்கும். மார்கழிக் குளிரில் மந்தமாக இருந்த செடிகள் விழித்துக்கொள்ளும் நேரம். ஆனால் இந்தச் சமயத்தில் மிதமாகத்தான் வெட்ட வேண்டும், ஏனென்றால் இரண்டு மாதத்தில் கோடை வந்துவிடும்.

சித்திரை, வைகாசியில் பெரிய வெட்டு வேண்டாம். மே மாதத்துக் கத்திரி வெயிலில் இலையை எடுத்துவிட்டால், நிழலிலேயே இருந்து பழகின பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும். வருகிற தளிரும் கருகும். அந்த மாதங்களில் சமையலுக்குக் கிள்ளுவது, பூவை எடுப்பது, காய்ந்ததை எடுப்பது, அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்திருக்கும் நாட்களிலும் கத்தரியைத் தொடாதீர்கள். வெட்டுப்பட்ட வாய் காயாமலே அழுகும். இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நாளில் எந்த நேரம்? சமையலுக்கு என்றால் காலையில், பனி காய்ந்த பிறகு. மணம் அப்போது நன்றாக இருக்கும். பெரிய வெட்டு என்றால் சாயங்காலம். இரவு முழுக்கச் செடிக்கு ஆறுதல் கிடைக்கும்.

கறிவேப்பிலை

இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும். செட்டிநாட்டுச் சமையலில் கறிவேப்பிலை இல்லாத குழம்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

*கன்று வைத்த முதல் வருடம்.* பறிக்காதீர்கள். நாலு இலை என்று ஆரம்பித்தால் அது குச்சியாகவே நிற்கும். கன்று முழங்கால் உயரம் வந்ததும் நுனியை மட்டும் ஒரு முறை கிள்ளிவிடுங்கள். தரையில் வைத்த செடியை முதல் வருட முடிவில் ஒரு மீட்டர் உயரத்தில் நுனியை வெட்டி, அடியிலிருந்து ஐந்து ஆறு கிளைகள் வருமாறு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் வேளாண் பல்கலைக்கழகம் இலைக்காகப் பயிரிடுபவர்களுக்குச் சொல்வது. வீட்டுக்கும் அதே கணக்கு சரியாக வரும். தொட்டியில் வைத்தவர்கள் இன்னும் தாழ்வாக, இரண்டடியிலேயே நிறுத்தலாம்.

*தினமும் பறிப்பது.* ஒரு ஈர்க்கில் வரிசையாகச் சின்னச் சின்ன இலைகள் இருக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்துதான் செடியின் கணக்கில் ஓர் இலை. நாம் என்ன செய்கிறோம்? செடியிலேயே வைத்து ஈர்க்கை உருவி, வெறும் நரம்பை விட்டுவிட்டு வருகிறோம். அந்த நரம்பில் இனி ஒன்றும் முளைக்காது, காய்ந்து விழுகிற வரை தொங்கும். ஈர்க்கை அதன் அடியோடு, தண்டை ஒட்டி, கீழ்நோக்கி வளைத்து ஒடித்து எடுங்கள். அதைவிட நல்லது, வாரத்துக்கு ஒரு முறை இரண்டு மூன்று கிளைகளின் நுனியை ஐந்தாறு ஈர்க்குகளோடு சேர்த்துக் கத்தரியால் வெட்டி எடுத்து வருவது. கழுவி, ஈரம் போக உலர்த்தி, துணியில் சுற்றி டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் அந்த வாரத்துக்குப் போதும். செடியும் வெட்டின இடத்திலெல்லாம் கிளை விடும்.

எந்தக் கிளையை எடுப்பது என்று தயங்க வேண்டாம். எப்போதும் உயரமானதை எடுங்கள். பக்கவாட்டில் தாழ்வாக இருப்பதை விட்டு வையுங்கள். இந்த ஒரு பழக்கத்திலேயே மரம் கை உயரத்தில் நின்றுவிடும்.

*பூவும் பழமும்.* கிளையின் நுனியில்தான் வெள்ளைப் பூங்கொத்து வரும். பூத்த கிளை அத்தோடு நீள்வது நிற்கும். இலை வேண்டும் என்றால் மொட்டாக இருக்கும்போதே கொத்தை, அதற்குக் கீழே இருக்கும் முதல் இலைக்கணு வரை வெட்டிவிடுங்கள். அங்கிருந்து பக்கக் கிளை கிளம்பும். கன்று வேண்டும் என்றால் ஒன்றிரண்டு கொத்தை மட்டும் பழுக்க விடலாம். கருத்துப் பழுத்ததும் தோல், சதை எல்லாம் பிசைந்து எடுத்து, விதையை உடனே போட வேண்டும்; எடுத்து வைத்தால் முளைக்கும் திறன் சீக்கிரம் போய்விடும். குயிலும் மைனாவும் இந்த வேலையை நமக்காகச் செய்வதால்தான் மரத்தடியில் தானாகக் கன்றுகள் நிற்கின்றன.

*வேர்க்கன்று.* பெரிய மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளில், புதராக வேண்டும் என்றால், மூன்று நான்கை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். மண்ணுக்கு மேலே வெட்டினால் திரும்ப வரும். மண்ணை விலக்கி, வேரிலிருந்து பிரித்து எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் கொஞ்சம் வேரோடு எடுத்தால் இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கலாம்.

*கைக்கு எட்டாத பழைய மரம்.* செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் இது. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்து பூட்டைத் திறப்பார்கள். அதற்குள் பின்கட்டுக் கறிவேப்பிலை ஓட்டுக்கு மேலே போயிருக்கும். துரட்டி வைத்து இழுத்தால்தான் நாலு ஈர்க்கு கிடைக்கும். இதை ஒரே நாளில் மொட்டையடிக்காமல் கட்டம் கட்டமாக இறக்க வேண்டும்.

முதல் ஆவணியில் காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்நோக்கி வளர்ந்த கிளை ஆகியவற்றை எடுங்கள். அதோடு, மிக உயரமான தண்டுகளில் மூன்றில் ஒன்றை மட்டும் இடுப்பு உயரத்தில் சாய்வாக ரம்பம் போடுங்கள். சாய்வாக இருந்தால் மழைநீர் தங்காது. கனமான கிளை என்றால் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முறியும்போது பட்டை அடிவரை உரிந்துவிடும்.

ஆறு ஏழு வாரத்தில் வெட்டின இடத்துக்குக் கீழே நிறையத் தளிர் வரும். எல்லாவற்றையும் விடாதீர்கள். வெளிநோக்கிப் போகும் மூன்று நான்கைத் தேர்ந்து மற்றதை விரலால் தேய்த்து எடுத்துவிடுங்கள். அவை ஒரு முழம் வளர்ந்ததும் நுனி கிள்ளுங்கள்.

அடுத்த மாசியில், முதலில் வெட்டின தண்டுகள் நன்றாகத் தழைத்திருந்தால், மீதியில் பாதி. அதற்கடுத்த ஆவணியில் மிச்சம். ஒரு வருடத்தில் மரம் புதராகும், இடையில் ஒரு நாள்கூட இலைக்குப் பஞ்சம் வராது. நல்ல வேர் உள்ள மரத்தை ஒரேயடியாக வெட்டினாலும் துளிர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் வயதான மரம், கவனிக்க ஆள் இல்லாத வீடு, தண்ணீர் நிச்சயமில்லாத மண் என்றால் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

*தளிருக்கு வரும் பூச்சி.* கவாத்து செய்த பிறகு வரும் இளம் தளிரைத் தேடி எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டையிட வரும். குஞ்சுப் புழு முதலில் பறவை எச்சம் போலத் தெரியும், அதனால் கண்ணில் படாது. பிறகு பச்சையாகிப் பெரிதாகும்; இரண்டு மூன்று சேர்ந்தால் ஒரு கன்றை மொட்டையடித்துவிடும். தினமும் ஒரு முறை இலையைத் திருப்பிப் பார்த்துக் கையால் எடுத்துவிடுவதே போதும். சாப்பிடுகிற இலைக்கு மருந்தடிக்க வேண்டாம்.

இன்னொன்று: புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறை. அதை வெட்டிச் சரிசெய்ய முடியாது. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இலையைக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்கலாம்.

புதினா

அடியிலிருந்து துளிர்க்கும் செடி என்று சொன்னேனே, அதில் முதல் ஆள் இது. தயங்கித் தயங்கி இலை இலையாகப் பறிப்பதுதான் புதினாவுக்குக் கெடுதல். தண்டு ஒரு சாண் உயரம் வந்ததும், மண்ணிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை விட்டு, கணுவுக்கு மேலே, மொத்தமாக அறுத்துவிடுங்கள். மண்ணுக்குள் ஓடும் வேர்த்தண்டிலிருந்து புதிதாக நெருக்கமாக வரும். தொட்டியை மனதில் இரண்டு பாதியாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பாதியை இன்று அறுத்தால் மறுபாதியை இரண்டு வாரம் கழித்து அறுக்கலாம்.

மொட்டு வைக்கிற தண்டு தெரிந்தால் உடனே அறுங்கள். பூத்த பிறகு இலை சிறுத்துவிடும். கோடையில் உச்சி வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். முற்றத்துத் தூணோரம், காலை வெயில் மட்டும் விழும் இடம், அருமையான இடம்.

இலையின் அடியில் செம்பழுப்புத் தூள் போலப் புள்ளிகள் வந்தால் அது துரு நோய். எல்லாவற்றையும் மண்ணோடு ஒட்டி அறுத்து, குப்பைக்குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். வருடத்துக்கு ஒரு முறை தொட்டியைக் கவிழ்த்து, பின்னிக் கிடக்கும் வேரைப் பிரித்து, ஓரத்தில் இருக்கும் இளம் ஓடுதண்டுகளைப் புது மண்ணில் வைக்க வேண்டும். நடுவிலிருக்கும் பழைய வேர் இனி உழைக்காது.

கொத்தமல்லி

இதற்குக் கவாத்து மந்திரம் எதுவும் இல்லை. நுனி கிள்ளினால் புதராகும் வகை அல்ல; ஒரு பருவத்தோடு வாழ்க்கை முடிகிற செடி. நாம் செய்யக்கூடியது அறுவடையை நீட்டுவது மட்டும்தான்.

முளைத்து ஒரு மாதம் ஆனதும் வெளிவட்டத்தில் இருக்கும் தண்டுகளை அடியோடு கத்தரித்து எடுங்கள், நடுக்குருத்தைத் தொடாதீர்கள். இப்படி இரண்டு மூன்று முறை எடுக்கலாம். இலை மெலிந்து, சோம்பு இலை மாதிரி நூலாகத் தெரிய ஆரம்பித்தால் பூக்கப் போகிறது என்று அர்த்தம். அதன் பிறகு தண்டை வெட்டி அதைத் திருப்ப முடியாது. சில செடியைப் பூக்க விட்டுவிடுங்கள். தேனீயும் பொறிவண்டும் வரும், பொறிவண்டு அசுவினிப் பூச்சியைத் தின்னும், கடைசியில் பச்சை மல்லி விதையும் கிடைக்கும்.

நம் ஊர்க் கோடையில் கொத்தமல்லி மிக விரைவாகப் பூத்துவிடும். அப்போது தண்டு தண்டாக எடுப்பதை மறந்துவிட்டு, நெருக்கமாக விதைத்து, ஒரு மாதத்தில் வேரோடு பிடுங்கிவிடுவதே லாபம். விதையை இரண்டாக உடைத்து, இரவு ஊற வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தொட்டி என்று விதைத்துக்கொண்டே இருந்தால் கோஸ்மல்லிக்கு (செட்டிநாட்டுக் கத்தரிக்காய்த் தொடுகறி) கடையைத் தேட வேண்டாம்.

துளசியும் திருநீற்றுப்பச்சிலையும்

இரண்டும் ஒரே குடும்பம், ஒரே கவனிப்பு. நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். அதன் பிறகு வரும் ஒவ்வொரு கிளையையும் மூன்று நான்கு ஜோடி வந்ததும் கிள்ளுங்கள். கதிர் தலைகாட்டும்போதே, கதிரை மட்டும் கொய்யாமல், அதற்குக் கீழே ஒரு ஜோடி இலையோடு சேர்த்து எடுங்கள். கதிரை மட்டும் எடுத்தால் பக்கத்திலேயே இன்னும் இரண்டு கதிர் வரும்.

எல்லாக் கதிரையும் எடுத்துவிட வேண்டியதில்லை. ஒரு செடியில் ஒரு கிளையைத் தேனீக்கு விடுங்கள், விதையும் கிடைக்கும். திருநீற்றுப்பச்சிலை விதைதான் சர்பத்தில் போடுகிற சப்ஜா.

அடித்தண்டு மரமாகி, இலை முழுவதும் மேலே போய்விட்ட பழைய துளசியை மரப்பகுதியில் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. பச்சை இலை இருக்கும் இடத்துக்குக் கீழே போகாதீர்கள். அதற்குப் பதில் அதன் விதையிலிருந்து புதுக்கன்று எழுப்பி, ஆடி கடைசியில் மாடத்தில் மாற்றி வைப்பது மேல். பொழுது சாய்ந்த பிறகு துளசியைத் தொடுவதில்லை என்ற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதனால் இதற்கு மட்டும் சாயங்காலக் கணக்கை விட்டுவிட்டு, காலையில் செய்யுங்கள்.

முருங்கை

மூலிகைப் பட்டியலில் மரத்தை ஏன் சேர்க்கிறீர்கள் என்று கேட்கலாம். கீரைக்காக வளர்க்கும் முருங்கையைச் செடியாகவே வைத்துக்கொள்ள முடியும், அதனால்தான்.

விதை போட்ட செடி முக்கால் மீட்டர் உயரம் வந்ததும், ஏறக்குறைய இரண்டு மாதத்தில், நுனியைக் கிள்ளுங்கள். விடாமல் வளர்ந்தால் ஒற்றைக் கம்பாகப் போய் உச்சியில் மட்டும் இலை விடும். காய் பறித்து முடித்த செடிமுருங்கையைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுதாம்பு, அதாவது அடிக்கட்டையிலிருந்து புதுத் துளிர், வந்து மீண்டும் காய்க்கும். கீரை மட்டும் வேண்டும் என்றால், கொம்புகளை இதே உயரத்தில் வைத்து, ஒரு முழத்துக்கு மேல் போகும் தளிரைக் கிள்ளிக்கொண்டே இருங்கள்.

பெரிய மர முருங்கைக்கு வெட்டும் நேரம் ஆனி. கோடைக் காய் ஓய்ந்திருக்கும், ஆடிக் காற்று இன்னும் வந்திருக்காது. முருங்கைக் கொம்பு எவ்வளவு சுலபமாக முறியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓட்டின் மேல் விழுந்தால் மரத்தோடு ஓடும் போகும். வெட்டுவாயில் சாணி அப்பி வைக்கும் நம் பழக்கம் நல்லதுதான், ஈரம் உள்ளே இறங்காமல் காக்கும். வெட்டின கொம்பைத் தூக்கிப் போடாதீர்கள்: கை மொத்தத்தில் ஒரு கஜ நீளக் கொம்பை நிழலில் இரண்டு நாள் வைத்து ஊன்றினால் இன்னொரு மரம்.

மழைக்காலத்தில் தண்டோடு ஒட்டிக் கூட்டமாகக் கம்பளிப்பூச்சி உட்கார்ந்திருக்கும். கிளை நெருக்கமாக இல்லாத, தாழ்வான மரத்தில் அவற்றைப் பார்த்துத் துடைத்தெடுப்பது எளிது. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மற்றவை, சுருக்கமாக

கற்பூரவல்லியைக் கையாலேயே ஒடிக்கலாம். பஜ்ஜிக்குப் பெரிய இலை வேண்டும் என்றால்கூட நுனியோடு ஒடித்து, இலையை எடுத்துக்கொண்டு, குச்சியை ஒரு நாள் காயவிட்டு மண்ணில் சொருகுங்கள், பிடித்துக்கொள்ளும். அடி மொட்டையான பழைய செடியைக் காப்பாற்ற முயல்வதைவிட வருடா வருடம் குச்சியிலிருந்து புதிதாகத் தொடங்குவது நல்லது.

பிரண்டையில் துவையலுக்கு நுனியிலிருந்து இரண்டு மூன்று கணுதான் இளசு. நகம் இறங்குகிற இடத்தில் ஒடியுங்கள், இறங்காவிட்டால் அது நார். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் அரிப்பு இருக்காது. அடிக்கடி ஒடித்தால் அடிக்கடி இளசு கிடைக்கும். வேலியையே மூடிவிட்ட கொடியை ஆவணியில் பாதி வரை வெட்டிவிடலாம், அது அசராது.

தூதுவளையில் முள் இருப்பதால் யாரும் கிட்டே போவதில்லை, அது நீண்டு சிக்காகிவிடுகிறது. கனமான கையுறையோடு, பூத்து முடித்த கொடிகளைப் பாதியாகக் குறையுங்கள். இளம் இலையில் முள்ளும் கசப்பும் குறைவு, ரசத்துக்கு நன்றாக இருக்கும்.

எலுமிச்சைப்புல்லை நட்டு மூன்று மாதம் கழித்து, மண்ணிலிருந்து அரை அடி விட்டு மொத்தமாக அறுக்கலாம். பிறகு இரண்டரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை. இலை ஓரம் கையை அறுக்கும், முழுக்கைச் சட்டை போடுங்கள். ரோஸ்மேரியை இப்போது பல நாற்றுப்பண்ணைகளில் விற்கிறார்கள். அதை வாங்கினால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இலையில்லாத பழுப்புத் தண்டில் வெட்டினால் அங்கே திரும்பத் துளிர்ப்பது அரிது. பச்சை நுனியை மட்டும் எடுங்கள். மழைக்கு முன் உள்ளே நெருங்கின குச்சிகளைக் கொஞ்சம் விலக்கிக் காற்றோட்டம் கொடுத்து, தொட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள்.

வெட்டின பிறகு

முந்தின நாளே தண்ணீர் விட்டிருக்க வேண்டும். காய்ந்து கிடக்கும் செடியை வெட்டக் கூடாது. வெட்டின பிறகு மண் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் இலை குறைந்த செடி தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும், அதனால் குளமாக்க வேண்டாம். அடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மக்கின தொழு உரம் இரண்டு கை. துளிர் ஒரு விரல் வந்ததும் பஞ்சகவ்யாவை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். யூரியா வேண்டாம். இலை பெரிதாக வரும், மணம் இருக்காது, அசுவினி வரும். அரிசி களைந்த தண்ணீர் நம் வீட்டில் முதலில் மண்டிக்கு (அந்தத் தண்ணீரில் வைக்கும் செட்டிநாட்டுக் குழம்பு) போகும், மிஞ்சியது கறிவேப்பிலைக்கு. புளித்த மோரையும் தண்ணீரில் நன்றாகக் கரைத்து எப்போதாவது ஊற்றலாம்.

செம்மண் நிலம் சீக்கிரம் சூடாகும். வெட்டின இலையில்லாக் குச்சிகளை நறுக்கி, காய்ந்த சருகோடு கலந்து, செடியடியில் மூன்று விரல்கடை மூடாக்காகப் போடுங்கள். தண்டைத் தொடாமல் இருக்கட்டும்.

ஆவணிக் கவாத்தில் ஒரு கூடை கறிவேப்பிலை வரும். ஈரம் துடைத்து, நிழலில் துணி மேல் பரப்பினால் சில நாளில் நொறுங்கும் பதம் வரும். வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போய்விடும். உளுந்து, மிளகாய், பெருங்காயம், கொஞ்சம் புளி வறுத்துச் சேர்த்துப் பொடித்தால் இட்லிக்கும் சுடுசோற்றுக்கும் ஆகும்.

ஊருக்குப் போகும் முன்

பூட்டிவிட்டு ஒரு மாதம் வெளியூர் போகிறவர்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இதைச் செய்துவிடுங்கள். துளசி, திருநீற்றுப்பச்சிலையின் எல்லாக் கதிரையும் எடுத்துவிடுங்கள். புதினாவை மொத்தமாக அறுத்து, தொட்டியை நிழலுக்கு நகர்த்துங்கள். கொத்தமல்லியைப் பிடுங்கிப் பயன்படுத்திவிடுங்கள், அது காத்திருக்காது. கறிவேப்பிலையில் உயரமான நுனிகளை மட்டும் கிள்ளி, அதற்கு மேல் எதுவும் செய்யாமல் விடுங்கள். தண்ணீர் ஊற்ற ஆள் நிச்சயமில்லாதபோது பெரிய வெட்டு ஆகாது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணனிடமோ அக்காவிடமோ, தண்ணீர் ஊற்ற வரும்போது வேண்டிய அளவு பறித்துக்கொள்ளுங்கள், நுனியோடு எடுங்கள் என்று சொல்லி, ஒரு கிளையை ஒடித்துக் காட்டிவிட்டுப் போங்கள்.